ஆடியில் மட்டும் நலமாக இருந்தவர்

என் முதல் புருஷனுக்கு இருந்த நோய்க்கு அன்றைக்கு யாரிடமும் பெயர் இல்லை. இன்றைக்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நானும் அவரும் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்திருந்தால் மறுநாள் காலையில் அவர் படுத்துவிடுவார். மழையில் நனைந்தால் ஒன்றும் செய்யாது. ஆறிப்போன மீன்குழம்பு தின்றால் ஒன்றும் செய்யாது. அது ஒன்றினால் மட்டும்தான் வரும். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலும் சிரித்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு வந்த தை மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம். எனக்கு இருபது வயது. எங்கள் ராயபுரத்துக் குப்பத்தில் அது முற்றிப்போன வயது. என் வாய்க்குப் பயந்துதான் எவனும் வரவில்லை என்று என் அம்மாவே சொல்லிக்கொண்டு திரிவாள். அவருக்குத் திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பம். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராதவர். அதனாலேயே மாமியார் மகனைக் கடலுக்கு விடாமல் ஹார்பருக்கு அனுப்பினாள். கப்பலிலிருந்து சரக்குத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டுவது அவர் வேலை. வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும்தான். நான் மூன்றாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

கல்யாணத்துக்கு வந்த உறவு ஜனம் கலைவதற்குள்ளேயே அவருக்கு முதல் தடவை வந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தொண்டை கட்டி, அடித்துப் போட்டதுபோல உடம்பு வலி. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. பேச்சுதான் போய்விடும். ஊமையாகிவிட மாட்டார், வார்த்தை அகப்படாமல் தவிப்பார். தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் காட்டி, "அந்த... அது... தா..." என்று இழுப்பார். எழுந்து நடமாட ஒரு வாரம் ஆகும்.

"புது மாப்ள இல்ல, ஊரு கண்ணு பட்டுட்ச்சி" என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். என்மேல் அப்போது அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

உடம்பு தேறிய நாட்களில் அவரைப்போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது. விடியற்காலையில் குழாயடியில் குடத்தை என் இடுப்பிலிருந்து பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார். ஆம்பிளை தண்ணீர் தூக்குவதா என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சிரிங்கமே, நல்லா சிரிங்க. உங்க வூட்டுக்காரன் தூக்க மாட்டான்ற பேஜார்ல சிரிக்கிறீங்க" என்பார். கப்பல்காரர்கள் கொடுத்த பிஸ்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து, தூளாகிவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே என் உள்ளங்கையில் கொட்டுவார். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள் இல்லையா, அப்படி என் அப்பா வந்து அழைத்துப் போனார். ஒரு மாதம் ராயபுரத்தில் இருந்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பார்க்க வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பி, கண் தெளிந்து, வாசலில் நின்றபடியே என் அப்பாவோடு ஹார்பர் கதை பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைக்குக்கூடத் தடுமாறவில்லை. பைத்தியக்காரி நான், நோய் தொலைந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

ஆவணி பிறந்து வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை அவர் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் இருந்த மாமியார் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எனக்குத் தலை பின்னவில்லை.

அப்புறம் குழாயடியில் அவள் பேசியது என் காதில் விழும்படியாகத்தான் பேசினாள். "ஆடில இவ இல்ல, என் புள்ள கல்லு கணக்கா இருந்தான். ஆவணில வந்தா, படுத்துகினான். இன்னாத்தையோ கூட்டிகினு வந்துகீறா இவ."

அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். நான் போனால் தேறுகிறார், வந்தால் படுக்கிறார். ஊரே பார்த்தது. நானும் நம்பினேன். வேப்பிலைத் தண்ணீரில் குளித்தேன், வெள்ளிக்கிழமைதோறும் வடிவுடையம்மனுக்கு விளக்குப் போட்டேன். என் உடம்பில் என்ன விஷம் இருக்கிறது என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காமல் இளைத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், நோய் முழுசாகத் தேறாமல், அந்தத் தலை மயக்கத்தோடேயே வேலைக்குப் போனார். கப்பல் தட்டில் நிற்கிற ஆள் கையைக் காட்டினால் வின்ச்சை இறக்க வேண்டும். கை தெரிகிறது, அது என்ன சொல்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. கீழே ஆட்கள் நிற்க, மூட்டை கட்டிய வலை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, வேறொருவன் ஓடி வந்து பிடியை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் வைத்தியம் பார்க்கக் கிளம்பினோம். முதலில் ஒரு டாக்டர். மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு எதனால் வருகிறது என்று கேட்டார். இவர் "கடல் காத்து" என்றார். மருந்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு நாட்டு வைத்தியர். அவர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு இவரை உள்ளே அழைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது. இவர் தட்டுத்தடுமாறி உண்மையைச் சொன்னார். வைத்தியர் சிரித்துவிட்டு, "விந்து விட்டவன் நொந்து கெட்டான்னு சும்மாவா சொன்னாங்க? கல்யாணத்துக்கு முன்னாடி கெட்டு அலைஞ்சிருப்ப. அதான் தாது நஷ்டம்" என்று ஒரு லேகியத்தைக் கொடுத்தார். மனுஷன் சொன்னது எதையும் வைத்தியர் காதில் வாங்கவே இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே அவரிடம் பதில் இருந்தது.

டிராம் ஏறாமல் நடந்தோம். வழியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "உன்னால இல்லமே. உனுக்கு முன்னாடியே கீது. கல்யாணத்துக்கு முந்தி, தூக்கத்துல கெட்ட கனா எதுனா வந்துட்டா, மறுநாளு இதே மாரிதான் படுத்துக்குவேன். கட்டிக்கினா சரியாப் பூடும்னு நெனச்சேன்."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். அத்தனை நாள் வேப்பிலைத் தண்ணீர் என் நினைவுக்கு வந்தது.

"அத்த உங்கம்மாகிட்ட சொல்லுய்யா. இவ மேல தப்பு இல்ல, எனுக்கு முன்னாடியே கீதுன்னு. அந்த ஒரு வார்த்த போதும் எனுக்கு."

"இத்த எப்டிமே பெத்தவகிட்ட சொல்றது?"

எப்படிச் சொல்வது? உண்மைதான், எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அதற்குமேல், தான் என்னவோ பாவம் செய்துதான் இது வந்தது என்று வைத்தியர் சொன்னதை அவர் நம்பிவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. திருவொற்றியூர் வந்து சேரும் வரைக்கும் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன்.

அதன்பிறகு தனித்தனியாகத்தான் படுத்தோம். ஆனாலும் மாமியார் பேரப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்கும் ஆசை இருந்தது. எனக்கு இல்லையா என்ன? எப்போதாவது மனசு கேட்காது. உடனே அந்த ஒரு வாரம் வந்துவிடும். அப்படி ஒரு தடவை நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட வாயைத் திறந்தவருக்கு என் பெயர் வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். கடைசியில் கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. அன்றோடு போதும் என்று நான் சொல்லிவிட்டேன். பிள்ளையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், குழாயடிக்குக் கூட வா, அது போதும் என்றேன். மெய்யாகவே எனக்கு அது போதும்.

மாமியாருக்குப் போதவில்லை. அடுத்த ஆடி வந்ததும் என் துணிகளை அவளே மூட்டை கட்டி வைத்தாள். இரண்டாம் வருஷம் எந்த மருமகளையும் ஆடிக்கு அனுப்புகிற வழக்கம் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ராயபுரம் வரைக்கும் வந்தார். வாசலில் வைத்துவிட்டு, "ஆவணில வந்து இட்டுகினு போறேன்" என்றார்.

ஆவணியில் யாரும் வரவில்லை. ஆவணி முடிகிற சமயத்தில் அவர்கள் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. கல்யாணத்தை முறித்து என்னைத் தீர்த்துவிடச் சொல்லி மாமியார் பஞ்சாயத்தைக் கூட்டியிருந்தாள். எங்களவர்களில் அப்போது அதற்குக் கோர்ட்டு கச்சேரி இல்லை. அம்மன் கோயிலுக்கு முன்னால் பெரியவர்கள் உட்காருவார்கள். நியாயம் கேட்டு, துரும்பு ஒன்றைக் கிள்ளிப் போடச் சொல்வார்கள். புருஷன் துரும்பைக் கிள்ளிப் போட்டால் முடிந்தது.

ஆம்பிளைகள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். காயப்போட்ட வலைகளுக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நான் நின்றேன். மாமியார் குழாயடியில் சொன்னதையே அங்கேயும் சொன்னாள். இவள் வந்தால் படுக்கிறான், போனால் எழுந்திருக்கிறான், இவள் ராசி என் பிள்ளையைத் தின்றுவிடும், என்று அழுதாள். பொய்யழுகை இல்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், மகனையும் கொடுத்துவிடுவோமோ என்று பயந்துதான் அழுதாள்.

பெரியவர் அவரைப் பார்த்து, "நீ இன்னாப்பா சொல்ற?" என்று கேட்டார்.

ஆடியும் ஆவணியும் நான் பக்கத்தில் இல்லாததால் அவர் தெளிவாக இருந்தார். எழுந்து நின்றார். "எங்கம்மா சொல்றது தப்பு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. நோவு எனுக்குத்தான் கீது. அவள கட்றதுக்கு முன்னாடியே கீது" என்று ஆரம்பித்து, எதனால் வருகிறது என்பது வரைக்கும் ஊர் முன்னால் சொன்னார். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. பின்னால் இருந்த சில பேர் சிரித்தார்கள். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது.

பெரியவர் சிரித்தவர்களை அதட்டினார். பிறகு மெதுவாக, "வைத்தியம் பாத்தியா? தீருமா?" என்று கேட்டார்.

"பாத்தேன். தீர்ற மாரி தெரியல."

"அப்ப அந்தப் பொண்ணுக்குப் புள்ள குட்டி?"

என் அப்பா எழுந்தார். "பொண்ணு ராசி கெட்டவன்னு சொன்னீங்க. இப்ப இன்னா சொல்றீங்க? புள்ள பெத்துக்க முடியாத வூட்ல என் பொண்ண எதுக்கு வுடணும்? நான் இட்டுகினு போறேன். தீர்த்துவுடுங்க."

பெரியவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூடப் பாவம்டி என்று என் முதுகைத் தடவினார்கள். எல்லாரும் ஒரே நிமிஷத்தில் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

நான் வலையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "என்னிய யாராவது கேட்டீங்களா? எனுக்குப் புள்ள வாணாம். நான் அவரோடதான் இருப்பேன்" என்று கத்தினேன்.

"இப்ப அப்டித்தாமா சொல்லுவ. உன் நல்லதுக்குத்தான் பேசிக்கினு கீறோம்" என்றார் பெரியவர். அப்புறம் அவரைப் பார்த்து, "நீயே சொல்லுப்பா" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். "அவ சின்னப் பொண்ணு. வாழ வேண்டியவ. வுட்டுடுங்க" என்றார்.

குனிந்து துரும்பை எடுத்துக் கிள்ளிப் போட்டார். நான் போட்ட கூச்சல் குப்பம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பிறகு எனக்கு நெட்டுக்குப்பத்தில் இரண்டாம் கல்யாணம் நடந்தது. பிள்ளைகளின் அப்பா நல்ல மனுஷர், அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். என் முதல் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். மாமியார் செத்த செய்தியும் வந்தது.

சில வருஷம் கழித்து, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீன் எடுக்க ராயபுரம் கரைக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் அவர் நின்றார். கன்னம் உப்பி, கண் தெளிந்து, அன்றைக்கு ஆடியில் எங்கள் வாசலில் நின்ற மாதிரியே இருந்தார். என்னைப் பார்த்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சட்டென்று வந்தது பெயர்.

"நல்லா கீறியாமே?"

"கீறேன். உன் ஒடம்பு எப்டிகீது?"

"எனுக்கு இன்னா, சோக்கா கீறேன். நீ போனதுலேர்ந்து கெட்ட கனாவும் இல்ல, ஒரு தும்மல்கூட இல்ல" என்று சிரித்தார். சட்டைப்பையில் கையை விட்டு, பிஸ்கட்டை எடுத்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் பிள்ளையின் கையில் கொடுத்தார். அது தூளாகாமல் முழுசாக இருந்தது.

அவர் போன பிறகு வெறுங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு என்னம்மா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அவர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லி அழுதேன்.