அம்சா பேசாமல் படுத்திருந்த ஐந்து நிமிஷம்

தேவனேரிக் குப்பத்து அம்சா கூவ ஆரம்பித்தால், திருப்போரூர் சந்தையில் மற்ற மீன்காரிகளின் குரல் எடுபடாது. அவள் 1978 ஆடி மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை, விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். கணவன் சிங்காரம் பயந்துபோய், செங்கல்பட்டில் டாக்டர் ராஜாராமிடம் அழைத்துப் போனான்.

ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் தாமதமாக இறங்குகிறது என்றார். தாமதம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒயர் விட்டுப் பார்ப்பார்களாம்.

“ஒயரா? நான் இன்னா கரண்டு கம்பமா?” என்று அம்சா கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைக் காட்டினார். இன்ஜினீயர் நண்பர் ஒருவர் ஆராய்ச்சிக்காகச் செய்து கொடுத்தது. குத்தலே கிடையாது, மார்பில் பட்டைகளை ஒட்டினால் போதும். மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு இறங்கும் பாதையில் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது. ஒரு துடிப்பில் தெரியாது. இருநூறு துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் தெரியும். ஆனால் ஐந்து நிமிஷம் அசையக் கூடாது, பேசவும் கூடாது.

“இவளா? பேசாமயா?” என்றான் சிங்காரம்.

“ஏன், என்னால முடியாதா?” என்று அவள் திரும்பியதில் பெட்டியின் திரையில் ஓடிய கோடு தாறுமாறானது.

மறுபடி ஆரம்பித்தார்கள். “மூச்சு வுடு அம்சா,” என்றான் அவன் கவலையோடு.

“வுட்டுகினுதான்யா கீறேன்!”

மூன்றாம் முறை டாக்டர் சிங்காரத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் அம்சா கண்ணை மூடினாள். விடியுமுன் எழுந்த அலுப்பில் தூங்கியே போனாள்.

காகிதத்தில் நண்டு நகம் அளவுக்கு ஒரு சிறு மேடு விழுந்திருந்தது. தாமதமெல்லாம் அதற்கு முன்னால், பாதையின் மேல் பக்கத்திலேயே. அதற்குப் பின்னால் பாதை சுத்தம். கீழ்ப் பக்கத்துக் கோளாறுதான் ஆபத்தானது என்பதால் டாக்டருக்குப் பாதிக் கவலை போயிற்று.

“அந்த மேல் பக்கத்தைச் சில மாத்திரைகூட மந்தமாக்கும். ஏதாவது சாப்பிடறீங்களா?”

அம்சா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். “நெஞ்சு படபடன்னு இருந்துச்சு. இது பக்கத்து வூட்டு ஜெகதாம்பாளுக்கு ஆஸ்பத்திரில குடுத்த மாத்திர. அவளுக்குக் கேக்குதே, எனக்குக் கேக்காதான்னு தினம் ரெண்டு போட்டுகினேன்.”

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தி, அவளை ஐந்து நாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார். நாடி தேறியது. ஆறாம் நாள் பதிவில் அந்தச் சிறு மேடு நேரத்துக்கு வந்து நின்றது.

வீடு திரும்பிய அன்று சாயங்காலமே அம்சா மீன் கூடையோடு கிளம்பினாள். “நாளைக்குப் போலாமே,” என்றான் சிங்காரம்.

“ஆறு நாளு வாய மூடிகினு இருந்தது போதும்யா,” என்று சொல்லிக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.