மூளிக் காது

நான்காம் வகுப்பு முடிகிறவரை எனக்குக் காது குத்தவில்லை. தெருவில் கைக்குழந்தைகள்கூடத் தோடு போட்டிருக்க, நான் மட்டும் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போய் வந்தேன். வகுப்பில் போட்டோ எடுத்த அன்று அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு இரண்டை எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டு போனேன். வியர்வையில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. அந்தப் படத்தில் ஒற்றைத் தோட்டோடு இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தாய்மாமன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மாமாவோ ஜெயிலில் இருந்தார். நான் அம்மா வயிற்றில் இருந்தபோது நடந்த வாய்க்கால் தகராறு ஒன்றில், மாமா அடித்த அடியில் ஒருவர் செத்துப்போனார். அந்தக் கவலையிலேயே அம்மாவைப் பெற்றவர்களும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். பிறந்த வீடு என்று அம்மாவுக்கு மிஞ்சியது அந்த ஒரு தம்பிதான். அம்மாவின் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று மடி தர எத்தனையோ பேர் முன்வந்தும் அம்மா அசையவில்லை. தம்பி வருகிறவரை அவன் இடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மச்சினனுக்கு எத்தனை வருசமோ, மகள் காதுக்கும் அத்தனை வருசம் தண்டனை என்று அப்பா கேலி செய்வார்.

மாமா விடுதலையாகி ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மஞ்சள் பைக்குள் தோடு இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டும் இரண்டு சட்டையும் இருந்தன. மதுரை அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, சில மாதம் கழித்து, சிவப்புக் கல் வைத்த பொடித் தோடு ஒரு ஜோடி வாங்கி வந்தார். அதன்பிறகு நான் அவரைவிட்டு நகரவே இல்லை. உலகத்திலேயே நல்லவர் என் மாமாதான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அத்தைமார் இருவரும் அப்படி நினைக்கவில்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவன் மடியில் நம் வீட்டுப் பிள்ளையா என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டுவதில் அப்பா கெட்டிக்காரர். மேலூர் ரோட்டோரம் இருந்த குலசாமி கோயிலில் சின்னதாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்து, அத்தைமாரையும் சமாதானப்படுத்திக் கூட்டி வந்துவிட்டார்.

மனைப்பலகை போட்டு, எல்லாரும் சுற்றி நின்ற நேரத்தில் மாமா பின்வாங்கினார்.

"வேற யாரையாவது உக்காரச் சொல்லுக்கா. நான் தள்ளி நின்னு பாத்துக்கிர்றேன்."

"இம்புட்டு வருசமா புள்ள காதை மூளியாப் போட்டு வச்சிருந்தது எதுக்குடா? உக்காரு" என்றாள் அம்மா.

உட்கார்ந்தார். நானோ அதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தேன்; மடியில் உட்கார்ந்தால் கால் தரையில் கிடந்தது. தலையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ஆசாரி. மாமாவின் கைகள் இரண்டும் என் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் அப்படியே நின்றன. ஆசாரி மறுபடியும் சொன்னார். அப்போதும் அவை என்னைத் தொடவில்லை. ஒரு காது எப்படியோ முடிந்தது. அடுத்த காதில் வலி தாங்காமல் நான் தலையை வெடுக்கென்று இழுக்க, கம்பி கோணலாக இறங்கிப் புதுப் பாவாடையெல்லாம் ரத்தம்.

"நீங்க பிடிக்கவே இல்ல. உங்களாலதான். போங்க மாமா" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

அந்தக் கையை நம்பிப் பிள்ளையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பெரிய அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். மாமா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

காது குத்தியதும் பிள்ளைதான் மாமனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பந்தியில் முதல் இலையில் உட்கார வைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். இலை போட்டாயிற்று, மாமாவைக் காணோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய்க் கூப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள்.

"நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். நீ போயிக் கையப் பிடி தாயி, வந்துருவான்" என்றாள். அம்மா என்னிடம் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

நான் போகவில்லை. காது திகுதிகுவென்று எரிந்தது. அதைவிட வீம்பு அதிகமாக இருந்தது. சின்ன அத்தை என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு அப்பளம் கூடுதலாக வாங்கிக் கொடுத்தாள். முதல் இலையில் வேறொரு மாமா உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்குப் பின் மாமா வீட்டுக்கு வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தாலும் வாசலோடு பேசிவிட்டு, "வாரேன்க்கா" என்று கிளம்பிவிடுவார். அம்மா இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பிக்கென்று ஒரு வேட்டி எடுத்து வைத்தாள். எனக்கும் இப்போது அந்த ஏக்கம் வந்துவிட்டது. அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருக்கிறது.

என் இலையிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் நன்றாகத் தெரிந்தது. மதுரைக்குப் போகும் பஸ்கள் மூன்று வந்து நின்று போயின. மாமா எதிலும் ஏறவில்லை. ஒவ்வொன்றும் கிளம்பியதும் கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பாட்டுப் போடுகிற பிரைவேட் பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பாயசம் குடித்தேன்.