செவ்வாயும் வெள்ளியும்

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது நான் பொன்னேரியில் கல்லூரி முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம். படகில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்துத்தான் எங்கேயும் போக முடியும்.

கபடி என்றால் எனக்கு உயிர். திருப்பாலைவனத்தில் நடந்த பெண்கள் போட்டியில் எங்கள் ஊருக்காக இறுதி ஆட்டம் ஆடினேன். கடைசி ரெய்டில் இரண்டு பேர் என் கணுக்காலைப் பிடித்து இழுக்க, முட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். எப்படியோ நடுக்கோட்டைத் தொட்டுவிட்டேன். ஜெயித்துவிட்டோம். கப்பைத் தூக்கிக்கொண்டு ஊரே வெடி வெடித்தது. நான் மட்டும் வீட்டில் முட்டியில் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

பொன்னேரியில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே ஒரு கிளினிக் இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, அங்கே அழைத்துப் போனார். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் மறுபடி ஆடலாம் என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்கும் அக்கா சென்னையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். "ஒரு நாள்கூட விடாதம்மா. பாதியில விட்டா முட்டி உன்ன ஏமாத்திடும்" என்றார் அந்த அக்கா. பல்கலைக்கழக கபடி அணிக்கு ஆள் எடுக்கப் போவதாக எங்கள் கல்லூரி விளையாட்டு சார் சொல்லியிருந்தார். அதில் சேர்ந்தால் போலீஸ் வேலைவரைக்கும் போகலாம். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, அதை நினைத்தே பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தேன். ஒரு மாதத்தில் கிளினிக் படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கினேன். அந்த அக்கா கைதட்டினார்.

அப்புறம்தான் ஊரில் பாடு பிரித்தார்கள். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அதற்குப் பெயர்தான் பாடு. தன் நாளில் ஒருவர் வலை போடவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வருடம் நைனாவுக்கு விழுந்த நாட்கள் செவ்வாயும் வெள்ளியும்!

வேறு யாராவது என்னைப் படகில் கொண்டுபோய் விடலாமே என்று கேட்பீர்கள். இன்னும் முழுசாக மடங்காத காலோடு இடுப்பளவு தண்ணீரில் படகு ஏறி இறங்க என்னைத் தூக்கிவிட வேண்டும். வயசுப் பெண்ணை நைனாவைத் தவிர வேறு யார் தூக்குவார்கள்? அம்மாவால் அது ஆகாது.

ஆனால் வழி இருந்தது. சீட்டில் விழுந்த நாளை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். முந்தின வருடம் எங்கள் ஊர் ஆண்கள் அணியில் ஆடும் ஒரு அண்ணனுக்கு இதே மாதிரி முட்டி போனது. அதே கிளினிக், அதே அக்கா. அவருக்காக ஊர் கூடிப் பேசி, நாளை மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தவர் யார் தெரியுமா? என் நைனாதான். இறால் நன்றாக மாட்டும் நாளைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் மாட்டாத அவருடைய நாளை வாங்கிக்கொண்டார். அந்த அண்ணன் பழையபடி எகிறி எகிறி ஆடினார்.

அதனால்தான் நம்பிக்கையோடு கோயில் முன்னால் நடந்த கூட்டத்துக்குப் போனோம். பெண்கள் கூட்டத்தில் உட்காரக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும். நான் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நைனா கேட்டார். "சீட்டுல வுழுந்தது வுழுந்ததுதான்பா, மாத்த முடியாது" என்றார் ஊர்ப் பெரியவர்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "போன வருசம் மாத்தனீங்களே, அது இன்னா சீட்டு?"

"அவன் ஊருக்கு ஆட்ற பையன்மா."

"என் பொண்ணு மட்டும் யாருக்கு ஆடுச்சாம்? அது ஜெயிச்ச கப்ப யாரு வூட்ல வச்சிக்கினு கீறீங்க?"

"கட்டிக் குடுக்கப் போற பொண்ணு. இன்னுமா டவுசர் போட்டுக்கினு ஆடப் போவுது?"

நாலு பேர் சிரித்தார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணனையே பார்த்தேன். ஒரு வார்த்தை, 'நான் மாத்திக்கிறேன்' என்று அவர் சொன்னால் போதும். அவர் எழுந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"எண்ணெய் போட்டு நீவுனா தானா சரியாப் பூடும்க்கா. எனக்கும் அப்பிடித்தான் பூட்ச்சு" என்றார் அம்மாவிடம்.

மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே, கிளினிக்கில் கொடுத்த கறுப்பு முட்டி உறை தெரிந்தது. அதைப் போட்டுக்கொண்டே சொன்னார், பாவி மனுஷன்! அந்த வருடம் நல்ல இடம் அவருக்கு விழுந்திருந்தது, அதை விட மனசில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். போன வருடக் கதையை அவர் எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில், "ஊர எதுத்துக்கினு ஏரில எறங்க முடியுமா, சொல்லு?" என்றார். எனக்கு அவர் மீதும் கோபம்தான். இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை.

அந்த அக்கா போனில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்தேன். காலில் மணல் பை கட்டித் தூக்கினேன். ஆனால் எது தப்பு, எது சரி என்று பார்த்துத் திருத்த ஆள் இல்லை. அணிக்கு ஆள் எடுத்த அன்று முதல் ரெய்டில் திரும்பினேன். முட்டி நழுவியது. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைப் பிடித்துக்கூட இழுக்கவில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில், நின்றுகொண்டே செய்யும் வேலை. சாயங்காலமானால் முட்டி வீங்கிவிடும். போய்வரும் வழியில் பஸ் ஜன்னலில் அந்தக் கிளினிக் தெரியும். போர்டில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். சுறுசுறுப்பாக இருங்கள், ஆரோக்கியமாக இருங்கள் என்று எழுதியிருக்கும். யாருக்குச் சொல்கிறார்களோ!

அந்த அண்ணன் இப்போது ஆள் ஏற்றும் படகு விடுகிறார். எனக்கும் வேறு வழியில்லை, அதில்தான் வருகிறேன். கரை வந்ததும் முதலில் குதித்து இறங்கி, "பாத்து எறங்கும்மா" என்று கையை நீட்டுவார். கால் நடுங்கும், தண்ணீர் இழுக்கும். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நானே இறங்குவேன். அன்றைக்குக் கூட்டத்தில் நீட்டியிருக்க வேண்டிய கை அது. என்றைக்காவது தண்ணீரில் விழுந்தாலும் விழுவேனே தவிர, அதை நான் பிடிக்க மாட்டேன்.