முகம் திருப்பிய ஞாயிறுகள்

சுசித்ராவின் வேலை, மற்றவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடப்பது. மைசூரில் தேவராஜ மார்க்கெட் பக்கம் ஒரு கண்ணாடிக் கடை. வந்தவரின் மூக்கில் கண்ணாடியை வைத்து, காதோரம் கம்பி உறுத்துகிறதா என்று குனிந்து பார்த்துச் சரிசெய்வாள். போன சித்திரையில் அப்படிக் குனிந்தபோது ஒரு பேராசிரியை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, "கொஞ்சம் தள்ளி நில்லம்மா" என்று கன்னடத்தில் சொன்னார்.

கடையில் யாரும் கவனிக்கவில்லை. சுசித்ராவுக்குத்தான் காது மடல் சுட்டது.

அன்று காலை அவள் சாப்பிட்டது ராகிக் களியும் பூண்டுச் சட்னியும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ஹனூர் கிராமத்தில் வளர்ந்தவளுக்கு அதில்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அன்றோடு பூண்டை விட்டாள், பச்சை வெங்காயத்தை விட்டாள், கருவாடு வாங்குவதையும் நிறுத்தினாள். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. கடையில் மத்தியானச் சாப்பாட்டையே தவிர்த்துவிட்டு, காப்பி குடித்து, புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டாள். உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நாற்றம் குறையவில்லை, கூடியது போலத்தான் இருந்தது.

அவள் கணவன் மனோஜ்குமார் குண்டலுபேட்டையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டினான். இரவில் காட்டுப் பாதையை அடைத்துவிடுவார்கள் என்பதால் வார நாளெல்லாம் குண்டலுபேட்டையிலேயே தங்கல். சனிக்கிழமை மாலைதான் மைசூரில் மேட்டகள்ளியில் இருந்த வீட்டுக்கு வருவான். வாரம் முழுக்க அவள் அந்த மாலைக்காக ஏங்குவாள். அவன் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்து, செவ்வாய், புதன்களில் எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். ஆனால் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். பேசினால் சுவரைப் பார்த்துப் பேசுவாள். படுத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் அவன் விழித்திருப்பது தெரியும். திரும்பிவிட வேண்டும் போல உடம்பெல்லாம் தவிக்கும். திரும்பமாட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாசற்படி ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தான். எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"சுசி, என்ற மேல ஏதாச்சும் கோவமா?"

"இல்லீங்க மாமா."

"பின்ன ஏன் மொகத்தத் திருப்பிக்கற? வண்டில தூக்கம் வராம இருக்கப் பாக்குப் போடறேனில்ல, அந்த நாத்தம் உனக்கு ஆகலையாட்ட இருக்குதுன்னு அதையும் உட்டுட்டேன். ஏலக்காயத்தான் மென்னுக்கிட்டுக் கெடக்கறேன். அப்பவும் நீ பக்கத்துல வர மாட்டேங்கற."

அவளால் அடக்க முடியவில்லை. "உங்க வாயில்லீங்க மாமா, என்ற வாய்தான் நாறுது" என்று அழுதுவிட்டாள். பேராசிரியை சொன்னதையும், தான் பட்டினி கிடந்ததையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவன் எழுந்து அருகே வந்தான். "எங்க, ஊது பாக்கலாம்."

அவள் மறுத்தாள். அவன் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

"நாறத்தான் செய்யுது" என்றான். "அதுக்கென்ன? நாளைக்கு டாக்டர்ட்டப் போலாம்."

அதெல்லாம் இல்லை என்று அவன் பொய் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். உண்மையைச் சொன்ன பிறகும் அவன் தள்ளிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் லோடை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவனும் கூடவே வந்தான். பல் டாக்டர் தீபா அவள் வாயைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். பூண்டும் வெங்காயமும் வாடை தருவது நிஜம். பூண்டின் வாடை இரத்தத்தில் கலந்து மூச்சில் வருவதால் பல் துலக்கினாலும் உடனே போகாது, ஆனால் ஒரு நாளில் தானே போய்விடும். இவளுக்கு நாள் கணக்காக நீடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. பட்டினியாலும், தண்ணீர் குடிக்காததாலும் வாய் வறண்டிருந்தது. நாக்கில் மாவு போல அழுக்குப் படிந்திருந்தது. புதினா மிட்டாயின் சர்க்கரை கிருமிகளுக்குத் தீனியாகியிருந்தது. ஈறும் வீங்கியிருந்தது.

பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார். நாக்கை வழிக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். வெள்ளரியோ கொய்யாவோ கடித்தால் எச்சில் ஊறும் என்றார்.

சில வாரங்களில் சரியாயிற்று. கடையில் பழையபடி குனிந்து பேசுகிறாள். பூண்டுச் சட்னியைச் சனிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொண்டாள். ஒரே தட்டில் இருவரும் சாப்பிடும்போது யார் வாய் யாருக்கு நாறும்? இப்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

ஆனால் வாரத்துக்கு அந்த ஓர் இரவும் ஒரு பகலும்தான். முகம் திருப்பிய அத்தனை ஞாயிறுகளும் வீணாய்ப் போனதே என்று கடையில் கண்ணாடி துடைக்கும்போது நினைத்துக்கொள்வாள். நேற்று சாயங்காலம் அவன் குண்டலுபேட்டையிலிருந்து கூப்பிட்டான். பின்னால் தக்காளிப் பெட்டி இறக்கும் சத்தம்.

"மைசூர்லயே ஒரு வண்டி கெடைக்காதுங்களா மாமா?"

"பாக்கறேன் கண்ணு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அதைத்தான் சொல்கிறான். அவன் போனை வைத்து, பெட்டிச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.