அத்தை வீட்டு அடை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு ஜவ்வாது மலைப் புளியில் பாதி என் மண்டியில் இறங்கித்தான் வெளியூர் போகிறது. பட்டம் வாங்கிய பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று நோண்டிப் பார்க்கிற புத்திதான் என்னைத் தூக்கிவிட்டது. அந்தப் புத்திக்கும் பிடிபடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது, காவலூருக்கு மேலே எங்கள் ஊரில் ஏழெட்டுக் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்திருந்தது. கூரை வேய்ந்த ஜெபவீடு ஒன்று. போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு கீழேயிருந்து வந்து, ரொட்டியும் திராட்சைரசமும் பகிர்கிற திருவிருந்தை நடத்துவார். மற்ற நாளெல்லாம் மூப்பரான எங்கள் அப்பா ராஜ்யம்தான். பீடி கூடாது, பூ கூடாது, படையல் சோற்றில் கை வைக்கக் கூடாது. திருவிருந்து நாளில் அது முடிகிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. இது வேதத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். முதுகில் பதில் கிடைத்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வேறொருவரோடு வாழ்ந்தாள். மலையில் அது பெரிய சங்கதியில்லை. பரிசத்தைத் திருப்பிக் கொடுத்ததும் ஊர்க்கவுண்டரே சரி என்று சொல்லிவிட்டார். அப்பாதான் விடவில்லை. திருவிருந்து அன்று அவள் உள்ளே வரக்கூடாது. வெளியே சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கிறவர்களைவிட நன்றாகப் பாடுவாள். “இந்தத் தபாவாவது உங்கப்பா கூப்புடுவாராடா?” என்று ஒவ்வொரு மாதமும் என்னைக் கேட்பாள்.

அந்த ஞாயிறு விடாத மழை. பஸ் காவலூரோடு நின்றுவிட, போதகர் நடந்தே வந்து சேர்ந்தார். பையைத் திறந்தால் திராட்சைரசம் பாட்டிலில் பத்திரமாக இருந்தது, ரொட்டி கஞ்சியாகியிருந்தது.

“யார் வூட்லயாவது எதுனா இருக்குதா? சுட்டது எதுவானாலும் சரி” என்றார்.

யார் வீட்டில் இருக்கும்? அடுப்பு மூட்டாத பெருமையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வெளியிலிருந்து அத்தை குரல்:

“எங்க வூட்ல கேவுரு அடை இருக்குதுங்க. காலையில சுட்டது.”

“அது ஆவாதுங்க” என்றார் அப்பா.

“இன்னாத்துக்கு ஆவாது?”

“அவ விரதம் இல்லீங்க. வயிறு ரொம்பத் தின்னுட்டு வந்து குந்தினு இருக்கறா.”

போதகர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, “நானும் காவலூர்ல டீயும் பன்னும் சாப்ட்டுட்டுதான் வர்றேன், மூப்பரே” என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அத்தை ஓடிப்போய் அந்தக் கேழ்வரகு அடையை இலையில் வைத்து எடுத்துவந்து வாசலிலேயே நின்றாள். போதகர் வாங்கினார், ஆனால் பிட்கவில்லை.

“விருந்து ஆண்டவரோடது, நம்மளுது இல்லீங்களே. நாமளும் கூப்புட்டு வந்தவங்கதான். அவங்கள நீங்களே கூப்புடுங்க.”

அப்பா எழுந்தார். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துச் சொன்னார்:

“செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வா.”

அத்தை செருப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் அப்போது யாரிடம் செருப்பு இருந்தது? “அத்தைக்குச் செருப்பே கிடையாதேப்பா” என்று உரக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, என்னை அதட்டவும் இல்லை. அத்தை வாசலில் குனிந்தாள். ஒரு காலிலிருந்து ஒன்று, மறு காலிலிருந்து ஒன்று கழற்றுகிறவள்போல் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

திருவிருந்து முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் நான் வெளியே ஓடினேன். அந்தச் சுவரோரம் குனிந்து தேடிப் பார்த்தேன். ஈரமண்தான் இருந்தது.