ஸ்பானியப் பாட்டு வானொலியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த அந்தச் சிறிய ஒலிபரப்பறையில் தொலைபேசி எடுக்கும் நானும், ஒலிக்கருவி இயக்கும் யாழ்ப்பாணத்து அண்ணையும் இருந்தோம். அறிவிப்பாளர் மரியா இல்லை. அவர் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. தொடங்கிய நாள் முதல் ஒரு ஞாயிறும் மனிதக் குரலில்லாமல் ஓடாத ஸ்பானியப் பாட்டு வானொலி அது!

"அண்ணை, எனக்கு ஸ்பானிஷ் கதைக்க ஏலாது!"

"எனக்கு மட்டும் ஏலுமோ? பேர் வாசிக்கலாம்தானே, தம்பி."

மெலிந்த மனிதர். ஹெட்போனை எப்போதும் ஒரு காதில்தான் வைப்பார். ஒரு சிறுமியின் பிறந்தநாளுக்கு வந்த செய்தியை எடுத்து, நம் தமிழ் வானொலிகளில் செய்வது போலவே அப்பா, அம்மா, மாமா, மாமி என்று அத்தனை பேரின் பெயரையும் ஜெர்மனில் நீட்டி முழக்கிவிட்டுப் பாட்டைப் போட்டார். உடனே தொலைபேசி அலறியது. எல்லோருக்கும் தங்கள் சொந்தபந்தத்தின் பெயரையும் அப்படியே வாசிக்க வேண்டுமாம்!

அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை. நிகழ்ச்சி அரைமணி நேரம் நீண்டது. அந்த அரைமணிக்கு அறை வாடகையாக வானொலி கூடுதலாகக் கட்டியது நாற்பது யூரோ.