மச்சாள் துடைச்ச கட்டைகள்

எங்கட கராஜுக்குள்ள கார் நிண்டதே இல்லை. சிட்னியில, வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் பழைய யூனிட் ஒண்டில இருந்தனாங்கள். கராஜுக்குள்ள வோஷிங் மெஷின், பிள்ளையின்ர தள்ளுவண்டி, அந்த வருசம் அதுகளோட ஒரு சீன மண்டபத்தின்ர கூரைக் கட்டைகளும் கிடந்தது.

மண்டபம் ஸ்ட்ராத்ஃபீல்டில ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில நிண்டது. எப்பவோ சீனாவில செய்து, கழட்டி, கப்பலில கொண்டுவந்து பூட்டினதாம். ஒரு பக்கத்தைக் கறையான் அரிச்சுப்போட்டுது. என்ர மனிசனுக்குத் தச்சு வேலை. அவற்ற முதலாளி ஒரு சீனர், அவர்தான் அதைத் திருத்த எடுத்தார். பட்டறையில இடம் காணாமல் கட்டைகளை எங்கட கராஜில இறக்கினார். பழுதானதுகளுக்குப் புதுசு வெட்டி, எல்லாத்தையும் நிலத்தில ஒருக்காப் பூட்டிக் காட்டவேணும்.

அதில ஆணியும் இல்லை, பசையும் இல்லை. ஒரு கட்டையில நாக்கு இருக்கும், மற்றதில அதுக்கேத்த துளை. ஒண்டுக்கு மேல ஒண்டு குறுக்கும் நெடுக்குமா அடுக்கிக்கொண்டு போனால் கை விரிச்ச மாதிரி வெளியில நீண்டு, கூரையின்ர பாரத்தைத் தூணில இறக்கும். பாக்க எல்லாம் ஒரே அச்சு. ஆனா எல்லாம் கையால வெட்டினது, ஒரு நாக்கு தன்ர துளைக்குள்ள மட்டும்தான் இறுகிப் போகும். அதனால முதலாளி கழட்டக் கழட்ட எந்தத் தூண், எந்த அடுக்கு எண்டு ஒவ்வொண்டிலயும் சிவப்புச் சோக்கால சீன எழுத்தில எழுதிக்கொண்டு வந்தவர். கழட்ட முதல் மண்டபத்தைப் படம் எடுத்தவர்தான், எழுத்துகளை ஒருத்தரும் எடுக்கேல்லை. எழுத்தை மட்டும் தொட்டிடாதை எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனார்.

எங்களுக்கு அது வெறும் வேலை இல்லை. என்ர ஸ்டூடன்ட் விசா முடியப் போகுது. ஹோம்புஷில பாத்த லோயர், இனி ஒரே வழி உன்ர மனிசனை முதலாளி ஸ்பொன்சர் செய்யிறதுதான் எண்டு கையை விரிச்சிட்டார். முதலாளி நல்ல மனிசன். மண்டபத்தை ஒழுங்கா நிமித்திக் காட்டு, கையெழுத்து வைக்கிறன் எண்டார். அந்தக் கையெழுத்தை நினைச்சுக்கொண்டுதான் நான் சோறு திண்டனான்.

அப்பதான் மச்சாள் வவுனியாவில இருந்து வந்திருந்தவ. என்ர மனிசன்ர அக்கா. தாய் இல்லாத வீட்டில அவரைத் தூக்கி வளத்தவ. பிள்ளை பாக்கவெண்டு விசிட்டர் விசாவில வந்து, எங்கட கஷ்டத்தைப் பாத்துப்போட்டுக் கோயில் கோயிலா நேத்தி வச்சுக்கொண்டிருந்தா. கட்டை வந்து இறங்கின கிழமைதான் பிள்ளைக்குக் காய்ச்சல், லோயர் கையை விரிச்சதும் அதே கிழமை. உடுப்புத் தோய்க்கக் கராஜுக்குப் போனவ அந்த எழுத்துகளைப் பாத்திருக்கிறா. பழைய மரம், சிவப்பு எழுத்து, விளங்காத பாஷை. செய்வினையெண்டு முடிவெடுத்திட்டா.

நாங்கள் வேலையால வரேக்க கராஜ் முழுக்க டெட்டோல் மணம். மஞ்சள் தண்ணியும் டெட்டோலும் கலந்து, ஒவ்வொரு கட்டையா உரஞ்சித் துடைச்சு, வெயிலில காயவச்சு, வடிவா அடுக்கியும் வச்சிருந்தா. ஒரு எழுத்து மிச்சமில்லை. பகல் முழுக்க வீட்டில நிண்டது அவ மட்டும்தான், ஆரெண்டு கேக்கத் தேவையில்லை. மனிசன் அப்படியே நிலத்தில இருந்திட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மச்சாளைக் கேக்கவெண்டு படிக்கட்டால ஏறப் போன என்ர கையைப் பிடிச்சார்.

"அவவுக்குச் சொல்லாதை. தெரிஞ்சால் உயிரோட இருக்கமாட்டா."

நல்ல அக்கா, நல்ல தம்பி! நடுவில நானும் பிள்ளையும் எங்க போறது? முதலாளிட்ட உண்மையைச் சொல்லுங்கோ எண்டு கெஞ்சினன். முதலாளிக்கும் இப்ப எது எதெண்டு தெரியாது, வேலைதான் போகும், நான் பூட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கிறன் எண்டார் மனிசன். அதுக்குப் பிறகு எங்கட பின்னேரமெல்லாம் கராஜுக்குள்ளதான். நான் கட்டையைத் தூக்கிக் குடுப்பன், அவர் நாக்கைத் துளையில வச்சு உள்ளங்கையால தட்டுவார். கொஞ்சம் போய் நிக்கும். இது இல்லை. அடுத்தது. சிலது வழுக்கிக்கொண்டு போய் ஆடும். அதுவும் இல்லை. சரியானது அம்பிட்டால் ஒரு சின்னச் சத்தம், பிறகு இழுத்தாலும் வராது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, கஷ்டமான வேலைதான் என்ன எண்டு தம்பியின்ர முதுகைத் தடவிவிட்டுப் போவா. நான் அவவின்ர முகத்தைப் பாக்கிறேல்லை.

எப்பிடியோ கனக்கப் பூட்டியாச்சு. கடைசித் தூணுக்குரியதுகள் மட்டும் ஒண்டும் ஒண்டோட சேரேல்லை. விடிஞ்சால் முதலாளி வருவார். நான் பிள்ளைக்குப் பால் குடுத்துப்போட்டு இறங்கி வரேக்க மனிசன் உளியை எடுத்து ஒரு நாக்கைச் சீவிக்கொண்டு நிண்டார். சீவின கட்டை துளைக்குள்ள சுகமாப் போச்சு. அவர் சிரிக்கேல்லை. கொஞ்சத்தால, மூலையில கிடந்த கட்டையைத் தூக்கினால், அதின்ர துளைதான் சீவின நாக்கின்ர உண்மையான இடம். அதில வச்சுப் பாத்தார். விழப்போற பல்லு மாதிரி ஆடிச்சுது. வெட்டின மரத்தை ஆர் திருப்பி ஒட்டிறது? அவர் அதை அந்தத் துளையிலயே விட்டுட்டு, உளியைத் துடைச்சுப் பெட்டியில வச்சார்.

காலமை முதலாளி வந்தார். பூட்டினதுகளை ஒவ்வொண்டாத் தொட்டுக்கொண்டு வந்தார், முகத்தில சந்தோசம் தெரிஞ்சுது. கடைசித் தூணின்ர கட்டையில கையை வச்சார். ஆடிச்சுது. கழட்டிப் பாத்தார். வெளிய கறுத்த மரம், சீவின இடம் மட்டும் புது மஞ்சளா இருந்தது. பிறகுதான் எழுத்துகளைத் தேடினார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, ஆர் துடைச்சதெண்டு இங்கிலிஷில கேட்டார்.

மச்சாள் அவருக்கெண்டு தேத்தண்ணித் தட்டோட வாசலில நிண்டவ. ஒரு சொல்லும் விளங்காமல் எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டா.

"நான்தான்," எண்டார் என்ர மனிசன். "தூசெண்டு நினைச்சுத் துடைச்சிட்டன்."

முதலாளி சத்தம் போடேல்லை. போட்டிருந்தால் நல்லா இருந்திருக்கும். லொறியைப் பின்னால எடுத்து, கட்டைகளைத் தானே ஏத்தினார். மனிசன் தூக்கப் போக, வேண்டாமெண்டு கை காட்டினார். உன்னை நம்பி நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது எண்டு மட்டும் கேட்டார். கவலையாத்தான் கேட்டார். மச்சாளின்ர தேத்தண்ணியை மரியாதைக்கு ஒரு மிடறு குடிச்சுப்போட்டு லொறியில ஏறினார்.

லொறி திரும்பினதும் மச்சாள் கேட்டா: "என்னவாம்?"

நான் வாயைத் திறந்திட்டன். மனிசன் முந்திக்கொண்டார். "ஒண்டுமில்லை அக்கா. வேலை முடிஞ்சுதெல்லோ, கொண்டு போறார்."

மச்சாளின்ர முகம் மலர்ந்து போச்சு. இடுப்பில செருகியிருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்தா.

"உங்களுக்குச் சொல்லேல்லை. அந்த எழுத்தெல்லாத்தையும் நான்தான் துடைச்சுக் கழிச்சுவிட்டனான். பாத்தியே, சனியன் வீட்டை விட்டுப் போட்டுது. இனி விசா வந்திடும்."

மனிசன் குனிஞ்சு நெத்தியைக் காட்டினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டன்.